வீட்டிலேயே பைக்குக்கு மேப் ஏற்றுவது: ஒரு போன்வில்லை வைத்துத் தொடக்கப் பாடம்

சைலன்சரை மாற்றிய முதல் வாரத்திலேயே பலரும் கேட்கும் கேள்வி, "மேப் போடணுமா?" என்பதுதான். ஆக்சிலேட்டரை விட்டால் பின்னால் பட்டாசு வெடிக்கிறது. மூவாயிரம் ஆர்பிஎம் பக்கத்தில் வண்டி கொஞ்சம் தயங்குகிறது. நண்பர் ஒருவர் பென்டிரைவில் ஒரு ஃபைலைக் கொடுத்து, "இதை ஏத்திடு, சரியாயிடும்" என்கிறார். ஏற்றுவது சுலபம்தான். எதை ஏற்றுகிறோம், அது நம் வண்டிக்குப் பொருந்துகிறதா என்று அளந்து பார்ப்பதில்தான் வேலையே இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவதும் அந்த இடத்தில்தான்.

எல்லா வண்டிக்கும் பொதுவாகச் சொன்னால் எதுவும் கைக்குப் பிடிபடாது. அதனால் நான் கைவைத்த வண்டியையே எடுத்துக்கொள்கிறேன்: ஏர்-கூல்ட் ட்ரையம்ஃப் போன்வில் டி100. 865 சிசி, இரட்டை சிலிண்டர், கெய்ஹின் நிறுவனத்தின் இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கணினி). பார்ப்பதற்குக் கார்புரேட்டர் போலவே இருக்கும், ஆனால் உள்ளே ஃபியூயல் இன்ஜெக்ஷன்தான். பழைய தோற்றம் கெடக்கூடாது என்று, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கார்புரேட்டர் வடிவத்திலேயே செய்திருக்கிறார்கள். 2013 இறுதியில் ட்ரையம்ஃப் இந்தியாவில் விற்பனையைத் தொடங்கியபோது இந்த வண்டியும் வந்தது. அதன்பின் 2016-ல் நீர்க்குளிர்ச்சி எஞ்சின்கள் வந்துவிட்டன. இந்தப் பழைய எஞ்சினுக்கு வீட்டில் உட்கார்ந்து மேப் ஏற்ற டியூன்இசியூ என்ற மென்பொருள் இருக்கிறது. விண்டோஸ் மடிக்கணினிக்கும் ஆண்ட்ராய்டு ஃபோனுக்கும் தனித்தனிப் பதிப்பு உண்டு. உங்கள் வண்டி வேறாக இருந்தால் மென்பொருளும் கேபிளும் மாறும். வேலையின் வரிசை மாறாது.

மேப் என்றால் என்ன?

இசியூவுக்குள் இருக்கும் எண் அட்டவணைகளைத்தான் மேப் என்கிறோம். ஒரு பக்கம் ஆர்பிஎம், மறுபக்கம் ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற சதவீதம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண் இருக்கும். அந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்பதை அது சொல்கிறது. 4000 ஆர்பிஎம்மில் 20 சதவீதம் முறுக்கினால் ஒரு எண், 40 சதவீதம் முறுக்கினால் இன்னொரு எண். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் வண்டி ஓடும்போது இசியூ தானே கணக்குப் போட்டு இடைப்பட்ட அளவை எடுத்துக்கொள்ளும்.

ட்ரையம்ஃப் கெய்ஹின் மேப்பைத் திறந்தால் இப்படிப் பல அட்டவணைகள் தெரியும். எஃப் என்று தொடங்குபவை, ஆக்சிலேட்டர் திறப்பை வைத்துப் பெட்ரோலை முடிவுசெய்பவை. எல் என்று தொடங்குபவை, இன்டேக் அழுத்தத்தை வைத்து முடிவுசெய்பவை. ஆக்சிலேட்டரை லேசாகத் திறந்து ஓட்டும்போது எல் அட்டவணை, நன்றாக முறுக்கும்போது எஃப் அட்டவணை. எந்த இடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டும் என்பதற்கும் ஒரு தனி அட்டவணை உண்டு. ஐ என்று தொடங்குபவை இக்னிஷன் டைமிங், அதாவது பிளக் எப்போது பொறி விட வேண்டும் என்பது. இவற்றைத் தொடாதீர்கள். இந்த எஞ்சினில் நாக் சென்சார் கிடையாது. டைமிங்கை அதிகமாக முன்னே தள்ளிவிட்டால் எஞ்சின் உள்ளே தட்டத் தொடங்கும், அதைக் கண்டுபிடித்துப் பின்வாங்க இசியூவுக்கு வழியே இல்லை. பிஸ்டன்தான் அடி வாங்கும். முதல் வருடம் பெட்ரோல் அட்டவணையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கேபிள் வாங்கும்போதே கவனம்

விண்டோஸ் வழியில் போகிறீர்கள் என்றால், எஃப்டிடிஐ என்ற நிறுவனத்தின் சிப் உள்ள ஓபிடி கேபிள் (வண்டியின் சோதனை சாக்கெட்டையும் கணினியையும் இணைப்பது) வேண்டும். கடையில் இதே உருவத்தில் பாதி விலைக்கு சிஎச்340 சிப் வைத்த கேபிளும் கிடைக்கும். வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதைச் செருகினால் கணினி அடையாளம் காட்டும், ஆனால் டியூன்இசியூ வண்டியோடு பேசாது. நான் முதலில் வாங்கியது அந்த வகைதான். இரண்டு நாள் டிரைவரை மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்தேன், ஃபியூஸ்களைக் கழற்றிச் சோதித்தேன். கோளாறு வண்டியில் இல்லை, கேபிளில்தான் என்று புரியவே அத்தனை நேரம் ஆனது. விற்பவரிடம் சிப் பெயரைக் கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு காசு கொடுங்கள். டிரைவரிலும் டி2எக்ஸ்எக்ஸ் என்ற வகையைத்தான் நிறுவ வேண்டும்.

இணைப்பு சாக்கெட் கார்களில் இருக்கும் அதே பதினாறு முனை வடிவம். மாடலுக்கு மாடல் இடம் மாறும். சீட்டையும் சைடு பேனலையும் கழற்றிவிட்டுத் தேடுங்கள்.

முதலில் வண்டியைச் சரிபாருங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலோ, வால்வ் இடைவெளி தப்பியிருந்தாலோ, இன்டேக் ரப்பரில் வெடிப்பு இருந்தாலோ, எந்த மேப்பும் அதைச் சரிசெய்யாது. கோளாறை மறைத்து வைக்கும், அவ்வளவுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சைலன்சர் மாற்றிய பிறகு காற்று-பெட்ரோல் மீட்டர் லீன் என்று காட்டியது. லீன் என்றால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். நான் மேப்பில் பெட்ரோலைக் கூட்டினேன். மறுபடியும் லீன். இன்னும் கூட்டினேன். இரண்டு வாரக் கடைசிகள் இப்படியே போயின. கடைசியில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை கரிச்சட்டி அடிபோல இருந்தது. பெட்ரோல் ஏற்கெனவே அளவுக்கு மேல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அப்படியானால் மீட்டர் ஏன் லீன் என்று சொன்னது? எஞ்சினிலிருந்து எக்ஸாஸ்ட் பைப் கிளம்பும் இடத்தில் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை. அந்த இடுக்கில் வெளிக்காற்று உள்ளே புகுந்து, சென்சார் அந்தக் காற்றையும் சேர்த்து அளந்திருக்கிறது. சின்னக் கேஸ்கெட் ஒன்றை மாற்றியதும் எல்லாம் சரி. அப்புறம் முதல் மேப்பிலிருந்து திரும்பத் தொடங்கினேன்.

அதனால் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பைப் இணையும் இடங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் புகை கசிகிறதா என்று பாருங்கள். பைப் சூடாவதற்குள், தொடாமல் பாருங்கள். சைலன்சரில் வெடிச்சத்தம் கேட்பதற்கும் பல நேரம் இந்தக் கசிவே காரணம்.

அசல் மேப்பைப் படித்து எடுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. பேட்டரி நன்றாகச் சார்ஜ் ஆகியிருக்க வேண்டும், 12.5 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. வேலை முடியும்வரை சார்ஜரையும் மாட்டி வையுங்கள். ஹெட்லைட் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் இக்னிஷன் போட்டிருக்கும் நேரம் முழுக்க விளக்கு பேட்டரியை உறிஞ்சும். மடிக்கணினியும் மின்சாரத்தில் ஓடட்டும், தூக்க நிலைக்குப் போகாதபடி மாற்றி வையுங்கள். ஃபோனில் செய்கிறவர்கள் அழைப்பு குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்வெட்டு நேரம் தெரிந்த ஊர் என்றால் அதற்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

கேபிளை மாட்டி, இக்னிஷனைப் போட்டு, கில் ஸ்விட்சை ஓடும் நிலையில் வையுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மென்பொருள் இசியூவோடு இணைந்ததும் அதில் இருக்கும் மேப் எண் திரையில் தெரியும். ட்ரையம்ஃப் மேப்களுக்கு ஐந்து இலக்க எண் உண்டு. அதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு மேப்பைப் படிக்கச் சொல்லி, வரும் ஃபைலைத் தேதியோடு பெயரிட்டுச் சேமியுங்கள். கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பியது ஒன்று. இந்த ஃபைல் கையில் இருக்கும்வரை, என்ன தவறு செய்தாலும் கம்பெனியில் இருந்து வந்த நிலைக்கு வண்டியைத் திருப்பிவிடலாம்.

அந்த எண் இன்னொரு விதத்திலும் முக்கியம். நண்பர் தந்த ஃபைல் எந்த மாடலுக்கானது என்று பார்க்காமல் ஏற்றக்கூடாது. ட்ரையம்ஃபின் ஸ்கிராம்ப்ளரிலும் அதே 865 சிசி எஞ்சின்தான். ஆனால் போன்வில்லின் கிராங்க் 360 டிகிரி, ஸ்கிராம்ப்ளருடையது 270 டிகிரி. இரண்டு சிலிண்டரும் வெடிக்கும் இடைவெளியே வேறு. சிசி ஒன்றுதானே என்று மாற்றி ஏற்றிவிடாதீர்கள்.

அளக்காமல் மாற்றாதீர்கள்

வண்டியில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் குறுகிய எல்லை வகை. கலவை சரியான அளவுக்கு மேலா கீழா என்பதை மட்டும்தான் அதனால் சொல்ல முடியும், எவ்வளவு என்று சொல்லாது. டியூனிங்குக்கு, எவ்வளவு என்றும் அளந்து சொல்லும் வைடுபேண்ட் சென்சார் ஒன்று வேண்டும். எக்ஸாஸ்ட் பைப்பில் ஓட்டை போட்டு, 18 மில்லிமீட்டர் மரையுள்ள ஒரு நட்டை வெல்டிங் வைத்து அதில் மாட்டுவார்கள். சென்சார் கிடைமட்டத்துக்குக் குறைந்தது பத்து டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பைப்பில் சேரும் நீர்த்துளி உள்ளே இறங்கிக் கெடுத்துவிடும். மின்சாரம் கொடுக்காமல் சென்சாரை மட்டும் பைப்பில் விட்டுவிட்டு ஓட்டாதீர்கள், அதுவும் கெட்டுப்போகும். டியூனிங் முடிந்ததும் கழற்றி மூடி போட்டுவிடலாம். இதையெல்லாம் வாங்க மனமில்லை என்றால், டைனோ (வண்டியை உருளைமேல் ஓட்டி அளக்கும் கருவி) உள்ள இடத்தில் ஒரு மணிநேரம் வாடகைக்கு எடுங்கள். தெரியாத ஃபைலை நம்பி வருடக்கணக்கில் ஓட்டுவதைவிட அது மலிவு.

மீட்டரை லாம்டா அளவில் (கலவை சரியான அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் எண்) வையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நம் ஊர்ப் பெட்ரோல். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்குச் சரியான காற்று-எரிபொருள் விகிதம் 14.7. பத்து சதவீதம் எத்தனால் கலந்தால் அது சுமார் 14.1. இருபது சதவீதம் கலந்தால் சுமார் 13.5. வெளிநாட்டு வழிகாட்டிகள் 14.7-ஐ வைத்தே பேசும், அந்த எண்ணை இங்கே அப்படியே எடுத்தால் குழப்பம்தான். லாம்டாவில் எந்தப் பெட்ரோலாக இருந்தாலும் 1 என்றால் சரியான அளவு, 1-க்குக் கீழே ரிச் (பெட்ரோல் அதிகம்), மேலே லீன். நன்றாக முறுக்கும் இடங்களில் 0.88 பக்கம் நான் வைக்கிறேன். காற்றில் குளிரும் எஞ்சின், நம் வெயில், இரண்டையும் நினைத்தால் அங்கே லீனாக விடுவது ஆபத்து.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. பத்து சதவீத எத்தனாலிலிருந்து இருபதுக்கு மாறியபோதே, சென்சார் திருத்தாத இடங்களில் எல்லாம் வண்டி ஏறக்குறைய நான்கு சதவீதம் லீனாகிவிட்டது. சைலன்சரே மாற்றாத பழைய வண்டிகள் திடீரென்று சூடாக ஓடுகின்றன என்று சொல்கிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கலாம்.

சென்சார் திருத்தாத இடம் என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சீரான வேகத்தில் லேசாக முறுக்கி ஓட்டும்போது இசியூ தன் ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டுக்கேட்டு லாம்டாவை 1-ஐச் சுற்றி நிறுத்தும். அந்தக் கட்டங்களில் நீங்கள் எண்ணை எவ்வளவு மாற்றினாலும் அது பழையபடி இழுத்துவிடும். அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம். நன்றாக முறுக்கும்போதும் வேகமெடுக்கும்போதும் இசியூ சென்சாரைக் கேட்காமல் அட்டவணையை மட்டும் பார்த்து ஓடும். உங்கள் வேலை அந்தக் கட்டங்களில்தான்.

ஒரு கட்டத்தைத் திருத்திப் பார்ப்போம்

போக்குவரத்து இல்லாத நீண்ட சாலை வேண்டும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்டக்கூடாது. ஆர்பிஎம், ஆக்சிலேட்டர், லாம்டா மூன்றையும் பதிவு செய்யும் வசதியைப் போட்டுவிட்டு, சாலையை மட்டும் பாருங்கள். வீட்டுக்கு வந்து பதிவைத் திறந்துகொள்ளலாம்.

என் பதிவில் 5000 ஆர்பிஎம், 40 சதவீதம் என்ற இடத்தில் லாம்டா 0.94 காட்டியது என்று வைத்துக்கொள்வோம். எனக்கு வேண்டியது 0.88. அளந்ததை வேண்டியதால் வகுத்தால் 0.94 ÷ 0.88 = 1.068. அதாவது அந்தக் கட்டத்தில் பெட்ரோல் 6.8 சதவீதம் கூட வேண்டும். நான் முழுவதையும் ஒரே தடவையில் கூட்டுவதில்லை. ஏறக்குறைய பாதி, அதாவது 3 சதவீதம் மட்டும் கூட்டி, ஏற்றி, அதே சாலையில் மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். எக்ஸாஸ்ட் புகை சென்சாரை அடையச் சிறிது நேரம் பிடிக்கும். அதனால் முறுக்கிய அதே நொடியில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மூன்று விநாடி நிலையாக இருந்த இடங்களை மட்டும் எடுங்கள்.

ஒரே கட்டத்தை மட்டும் தூக்கிவிட்டால் அட்டவணையில் ஒரு முட்டு மாதிரி நிற்கும். வண்டி அந்த இடத்தைக் கடக்கும்போது ஒரு சின்ன உதறல் தெரியும். அதனால் சுற்றியுள்ள கட்டங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி இறக்கிச் சரிவாக்குங்கள். மேப்பை முப்பரிமாணப் படமாகப் பார்த்தால் மேடு பள்ளம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். சிலிண்டருக்குச் சிலிண்டர் தனி அட்டவணை இருந்தால் இரண்டிலும் அதே மாற்றத்தைச் செய்ய மறக்காதீர்கள்.

நீங்கள் ஒருபோதும் ஓட்டாத கட்டங்கள் பல இருக்கும். 2000 ஆர்பிஎம்மில் முழுக்க முறுக்கி யார் ஓட்டுகிறார்கள்? அளவு எடுக்காத கட்டத்தை அசல் மேப்பில் உள்ளபடியே விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஃபைலைப் புதுப் பெயரில் சேமித்து, ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, எந்தக் கட்டங்கள், எவ்வளவு, அன்றைய வெயில், வண்டி எப்படி ஓடியது. என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கிறது: "மூன்றாவது பதிப்பு. 4500–6000, 40 முதல் 60 வரை, 3 சதவீதம் கூட்டினேன். மத்தியானம். தயக்கம் போய்விட்டது, மைலேஜ் பார்க்கணும்." ஆறு மாதம் கழித்து என்ன செய்தோம் என்று நினைவுபடுத்த இந்த வரிகள்தான் உதவும்.

ஏற்றும் நேரம்

பேட்டரி, சார்ஜர், ஹெட்லைட் ஃபியூஸ் எல்லாம் முன்பு சொன்னபடி. திருத்திய ஃபைலைத் திறந்து, அசலோடு ஒப்பிட்டு, நீங்கள் மாற்றியவை மட்டும்தான் மாறியிருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். பிறகு ஏற்றும் கட்டளையைக் கொடுங்கள். திரையில் ஓடும் கோடு முடியச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை கேபிளையும் சாவியையும் கில் ஸ்விட்சையும் தொடக்கூடாது. குழந்தைகள், நாய் யாரும் வண்டிப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் மென்பொருள் சொல்கிறபடி இக்னிஷனை அணைத்துக் கொஞ்சம் காத்திருந்து மறுபடி போடுங்கள்.

நடுவில் நின்றுபோனால் பதறாதீர்கள். இக்னிஷனை உடனே அணைக்காமல், மென்பொருள் என்ன சொல்கிறது என்று படியுங்கள். பாதியில் நின்ற இசியூவுக்கு மறுபடி மேப் ஏற்ற மீட்பு வசதி அதிலேயே இருக்கிறது. அந்த நேரத்தில் புது மேப்பை விட்டுவிட்டு அசல் ஃபைலையே ஏற்றுங்கள்.

மேப் ஏறியதும் இசியூ இதுவரை தானாகக் கற்றுவைத்த திருத்தங்களை அழித்துவிட வேண்டும். சோதனைப் பக்கத்தில் அதற்கான கட்டளை உண்டு. பிறகு ஹெட்லைட் ஃபியூஸைத் திரும்ப மாட்டி, குளிர்ந்த எஞ்சினை ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, பன்னிரண்டு நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள். அந்த நேரத்தில்தான் இசியூ ஐடில் நிலையைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும். ரேடியேட்டர் விசிறி இல்லாத எஞ்சின் என்பதால் நான் வீட்டு டேபிள் ஃபேனை முன்னால் வைத்துச் சிலிண்டர்மேல் காற்று அடிக்க விடுவேன். கதவைத் திறந்து வையுங்கள். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓட விடுவது உயிருக்கே ஆபத்து.

இரண்டு பெட்டிகளைப் பற்றி

மென்பொருளில் ஆக்சிஜன் சென்சாரையும், எக்ஸாஸ்ட்டுக்குள் காற்று செலுத்தும் அமைப்பையும் அணைக்க இரண்டு தேர்வுப் பெட்டிகள் இருக்கின்றன. சைலன்சர் வெடிச்சத்தம் குறையும் என்று பலர் இரண்டாவதை அணைக்கச் சொல்வார்கள். சத்தம் குறைவது உண்மை, ஏனென்றால் மிச்சப் பெட்ரோல் பைப்பில் எரிய அந்தக் காற்றும் ஒரு காரணம். ஆனால் இரண்டுமே புகையைக் கட்டுப்படுத்த வைத்தவை. சாலையில் ஓடும் வண்டியில் அவற்றை அணைக்க வேண்டாம் என்பது என் கருத்து. மாசுச் சான்றிதழ் சோதனை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அதைவிட, சிக்னலில் நமக்குப் பின்னால் நிற்பவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார். வாரன்டி இருக்கும் வண்டி என்றால், அது முடியும்வரை மேப்பில் கைவைக்காதீர்கள்.

ஏற்றிய பிறகு

முதல் ஐம்பது கிலோமீட்டர் அமைதியாக ஓட்டுங்கள். எஞ்சின் செக் லைட் வருகிறதா, ஐடில் ஏறி இறங்குகிறதா, முறுக்கும்போது கிலுகிலுவென்று உலோகச் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். அந்தச் சத்தம் கேட்டால் உடனே ஆக்சிலேட்டரைக் குறைத்து வீட்டுக்கு வந்து அசல் மேப்பை ஏற்றிவிடுங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஆனதும் இரண்டு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் நிம்மதி. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை என்றால் மேப்பை விட்டுவிட்டுத் த்ராட்டில் பாடி பேலன்ஸைப் பாருங்கள், அதாவது இரண்டு சிலிண்டருக்கும் காற்று சமமாகப் போகிறதா என்று.

சர்வீஸுக்கு விடும்போது மேப் மாற்றியிருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் கருவியை மாட்டும்போது புது மேப் ஏதாவது வந்திருந்தால் உங்களுடையதன்மேல் ஏற்றிவிட வாய்ப்பு உண்டு. வண்டி திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கேபிளைச் செருகி, மேப்பைப் படித்து, நீங்கள் கடைசியாகச் சேமித்த ஃபைலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.